டாப் 2% விஞ்ஞானி, எச்-இண்டெக்ஸ், மேற்கோள்... ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் மதிப்பை எப்படி அளக்கிறார்கள்? ஒட்டன்சத்திரம் பக்கம் நடந்த ஆய்வு சொல்லும் கதை

கோவையில் கல்லூரிகள் இருக்கும் ரோடு வழியா போனவங்க இந்த பேனரை நிச்சயம் பார்த்திருப்பீங்க. ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்’ என்று கொட்டை எழுத்து, நடுவில் கோட் போட்ட போட்டோ, ஓரத்தில் தாளாளர் படம். அட்மிஷன் நேரத்தில் அதே போட்டோ விளம்பரத்திலும் வரும். சில பேனர்களில் கூடுதலாக ‘எச்-இண்டெக்ஸ் 40’, ‘மேற்கோள்கள் 6,000’ என்றெல்லாம் எண்கள் இருக்கும்.

இதெல்லாம் என்ன கணக்கு? யார் போடுவது? புற்றுநோய் மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட துறையில் ஒருவர் ‘பெரிய ஆராய்ச்சியாளர்’ என்று சொல்லும்போது நாம் எதை நம்பணும்?

இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி தாண்டினால் காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர்போன ஒட்டன்சத்திரம் வரும். அதன் பக்கத்து ஊர் அம்பிளிக்கை. உலகம் முழுக்க புற்றுநோய் மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வு அங்கே இருந்துதான் நடந்தது. அதைத் தலைமை தாங்கி நடத்தியவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். அவர் கதைக்குப் போகும் முன் கணக்கை முடித்துவிடுவோம்.

மேற்கோள் என்றால் என்ன?

ஓர் ஆராய்ச்சியாளர் தன் ஆய்வை ஆய்விதழில் கட்டுரையாக வெளியிடுகிறார். பின்னால் வரும் இன்னொருவர் தன் கட்டுரையில் ‘இந்த விஷயத்தை இவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார்’ என்று அதைக் குறிப்பிட்டால், அது ஒரு மேற்கோள். ஆங்கிலத்தில் சைட்டேஷன் என்பார்கள்.

நம்ம ஊர் பாஷையில் சொல்லணும்னா, தறியில் எத்தனை மீட்டர் ஓட்டினோம் என்பது ஒரு கணக்கு, அதில் எத்தனை மீட்டர் சந்தையில் போச்சு என்பது வேறு கணக்கு. கட்டுரைகளின் எண்ணிக்கை முதல் வகை. மேற்கோள் இரண்டாவது வகை.

இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்க முடியுமா என்று யோசித்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இயற்பியல் பேராசிரியர். 2005-ல் அவர் முன்வைத்ததுதான் எச்-இண்டெக்ஸ்.

கணக்கு சுலபம். ஒருவர் 5 கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றுக்கு முறையே 40, 12, 6, 4, 1 மேற்கோள்கள் கிடைத்திருக்கின்றன என்று வைப்போம். குறைந்தது 4 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் எத்தனை? நான்கு. அப்போ அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. ஐந்து ஆகணும்னா ஐந்து கட்டுரைகளும் தலா ஐந்து மேற்கோளாவது வாங்கியிருக்கணும்.

இப்போ ஒரு சின்ன மாற்றம். முதல் கட்டுரைக்கு 40-க்குப் பதிலா 4,000 மேற்கோள் வந்துவிட்டது. எச்-இண்டெக்ஸ் எவ்வளவு? அப்பவும் 4-தான்! ஒரே ஒரு ஆய்வால் உலகத்தையே மாற்றியவரும், சுமாராக ஐந்து கட்டுரை எழுதியவரும் இந்தக் கணக்கில் ஒரே தட்டில் வந்துவிடுவார்கள். அதுமட்டுமில்லை. ஒரே நபருக்கு கூகுள் ஸ்காலரில் ஒரு எண் இருக்கும், ஸ்கோபஸில் வேறு எண் இருக்கும். எந்தெந்த வெளியீடுகளைக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். பேனரில் எண் போடுபவர்கள் பெரும்பாலும் எது பெரிசோ அதைத்தான் போடுவார்கள்.

சரி, அந்த 2 சதவீதப் பட்டியல்?

இது விருது கிடையாது. யாரும் விண்ணப்பிப்பதும் இல்லை, யாரும் மேடையில் வைத்துக் கொடுப்பதும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஐயோனிடிஸ் குழுவினர், எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவுகளை வைத்துத் தயாரிக்கும் ஒரு பெரிய அட்டவணை. 2019-ல் முதலில் வந்தது, பிறகு தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள். மேற்கோள் சம்பந்தப்பட்ட ஆறு அளவுகோல்களைச் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், ஒரே ஒரு ஆண்டுக்கு மட்டும் இன்னொரு பட்டியல். ‘2 சதவீதம்’ என்பது அவரவர் துறைக்குள் கணக்கிடுவது. ஆண்டுப் பட்டியலில் ஒருமுறை வந்துவிட்டு அடுத்த ஆண்டு காணாமல் போவதும் நடக்கும். அதற்கு யாரும் பேனர் வைப்பதில்லை.

ஒருவர் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டி எண்ணிக்கையை ஏற்றிக்கொள்வது இந்தத் துறையில் பழைய வியாதி. அதனால் சுயமேற்கோள்களை நீக்கிய கணக்கையும் அந்த அட்டவணை தனியாகத் தருகிறது. பேனரைப் பார்த்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: வாழ்நாள் பட்டியலா, ஓராண்டுப் பட்டியலா? சுயமேற்கோள் போக எவ்வளவு?

இன்னொன்றும் இருக்கு. அதிகம் மேற்கோள் வாங்கியது என்பதாலேயே ஒரு கட்டுரை சரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் போட்டி என்ற இந்திய வம்சாவளி ஆராய்ச்சியாளர் இருந்தார். யாருக்கு எந்த கீமோதெரபி மருந்து வேலை செய்யும் என்று மரபணுவை வைத்தே சொல்லிவிடலாம் என அவர் குழு 2006-ல் நேச்சர் மெடிசின் இதழில் எழுதியது பெரிய பரபரப்பானது. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அந்தத் தரவுகளை வரிவரியாகச் சரிபார்த்து, கணக்கு தப்பு என்று காட்டினார்கள். 2011-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2015-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் அது முறைகேடு என்றே முடிவு செய்தது. அதற்குள் அந்த முறையை நம்பி புற்றுநோயாளிகளைச் சேர்த்து சிகிச்சை ஆய்வுகளே தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் கொடுமை.

ஆக, எண்கள் ஒரு எல்லை வரைக்கும்தான் பேசும். அதைத் தாண்டிப் பார்க்க அம்பிளிக்கைக்குப் போகலாம் வாங்க.

யார் இந்த சங்கரநாராயணன்?

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். 1990-களில் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போனார். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அது. அங்கே ஆரம்பநிலைக் கண்டறிதல், தடுப்பு தொடர்பான பணிகளுக்குத் தலைமை வகித்தார்.

அவர் பெயரில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. எச்-இண்டெக்ஸும் பெரிசுதான். ஆனால் அவருடைய பதிவைத் திறந்து பார்த்தால் கண்ணில் படுவது வேறு. அவர் கட்டுரைகளின் தலைப்புகளிலேயே ஊர்ப்பெயர் வரும். ‘கேரளம்’, ‘தமிழ்நாடு’, ‘இந்தியக் கிராமப்புறம்’ என்று. லியோனில் உட்கார்ந்து எழுதியவை என்றாலும், ஆய்வு நடந்தது முழுக்க நம்ம கிராமங்களில்.

அவர் கேட்ட கேள்வியும் எளிமையானது. பெரிய ஆஸ்பத்திரி இல்லாத, ஸ்கேன் இல்லாத, பரிசோதனைக்கூடம் இல்லாத ஊரில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் நிஜமாவே சாவு குறையுமா?

2005-ல் லான்செட் இதழில் வந்த கேரள ஆய்வு வாய்ப் புற்றுநோய் பற்றியது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் சுமார் 96 ஆயிரம் பேர், ஒப்பிட இன்னொரு பக்கம் சுமார் 95 ஆயிரம் பேர். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம், பரிசோதனை நடந்த பகுதியில் வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வந்த குறைவு புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதையும் கட்டுரையில் அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

வினிகரும் ஒரு நிமிஷமும்

இப்போ நம்ம ஊர் ஆய்வு. 2007 லான்செட் இதழில் வெளியானது. களம், திண்டுக்கல் மாவட்டம். நோய், கருப்பைவாய் புற்றுநோய்.

இந்தப் புற்றுநோய்க்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரே ராத்திரியில் வராது. எச்பிவி என்ற வைரஸ் தொற்றி, பல ஆண்டுகள் உடம்பிலேயே தங்கி, மெல்ல மெல்லத் திசுக்களை மாற்றி, அதன் பிறகுதான் புற்றுநோயாகும். நடுவில் எங்காவது பிடித்துவிட்டால் தடுத்துவிடலாம். பணக்கார நாடுகள் பாப் ஸ்மியர் என்ற செல் பரிசோதனையால் இதைக் கட்டுப்படுத்தின. ஆனால் அதற்கு நல்ல ஆய்வகம் வேணும், நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்த ஆள் வேணும், முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் திரும்ப வரவழைக்கணும். காட்டு வேலைக்குப் போகும் பெண்ணை மூணு தடவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் வருவாங்களா?

அதனால் வேறு வழி. 3 முதல் 5 சதவீத அடர்த்தியுள்ள அசெட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட நாம் சமையலுக்கு வாங்கும் வினிகரை, கருப்பைவாயில் தடவுவார்கள். ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தால், மாற்றம் அடைந்த திசு வெள்ளையாகத் தெரியும். விஐஏ என்று பெயர். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். தேவைப்பட்டால், அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் கிரையோதெரபி சிகிச்சையையும் அதே வருகையிலேயே நர்ஸே கொடுத்துவிடலாம்.

அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையம்தான் இதன் மையம். மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் பரிசோதனை. மற்ற 57-ல் வழக்கமாக என்ன கிடைக்குமோ அதுவும், விழிப்புணர்வுப் பேச்சும் மட்டும். 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள். பரிசோதனைப் பகுதியில் 49,311 பேர், ஒப்பீட்டுப் பகுதியில் 30,958 பேர். 2000-ல் தொடங்கி 2006 வரை கண்காணித்தார்கள்.

பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் வந்தது 31,343 பேர். கிட்டத்தட்ட 64 சதவீதம். அதில் பத்தில் ஒருவருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை உறுதியானவர்களில் 72 சதவீதம் பேர் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள்.

முடிவு? கருப்பைவாய் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரலாம். பரிசோதனைப் பகுதியில் இறந்தவர்கள் 83 பேர், மற்ற பகுதியில் 92 பேர். ஒன்பது பேர்தானே வித்தியாசம்? இல்லை. முதல் கூட்டம் பெரிசு. ஒவ்வொரு பெண்ணையும் எத்தனை வருஷம் கவனித்தார்களோ அதைக் கூட்டிப் பார்த்தால், முதல் பக்கம் 2,74,430 ஆண்டுகள், இரண்டாவது பக்கம் 1,78,781 ஆண்டுகள். லட்சம் ஆண்டுக்கு என்று மாற்றினால் ஏறக்குறைய 30 மரணம், 51 மரணம். வயது மாதிரியான வேறுபாடுகளைச் சரிசெய்த பிறகு நிற்பதுதான் அந்த 35 சதவீதம்.

கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் எட்டுப் பேர். சங்கரநாராயணன் முதல் பெயர். அடுத்து அம்பிளிக்கையின் எஸ்மி, ராஜ்குமார், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் சுவாமிநாதன், திசுக்களைப் பார்த்து நோயை உறுதிசெய்யும் வேலையில் கோவை பிஎஸ்ஜி மருத்துவக் கல்லூரியின் சாந்தகுமாரி என்று வரிசை போகிறது. மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் அதிகம் உழைத்தவர் அல்லது தலைமை தாங்கியவர் பெயர். நடுவில் வரும் பெயர்களை நாம் யாரும் நினைவில் வைப்பதில்லை. வீடு வீடாகப் போய் ‘வாங்கம்மா, ஒரு நிமிஷம்தான்’ என்று கூப்பிட்ட நர்ஸ்களின் பெயர் அந்த வரிசையிலேயே கிடையாது.

அதே 2007-ல் தமிழக அரசு, சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனியிலும் தஞ்சாவூரிலும் கருப்பைவாய் புற்றுநோய்ப் பரிசோதனையைச் சோதனை முறையில் தொடங்கியது. பின்னர் அது மாநிலம் முழுக்க விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை செய்வது இன்று நமக்குச் சாதாரண விஷயம். எந்த எச்-இண்டெக்ஸிலும் இது ஏறாது.

தன் முடிவையே கேள்வி கேட்ட அடுத்த கட்டுரை

பொதுவா ஒருத்தர் ஒரு முறையை வைத்துப் பேர் வாங்கிவிட்டால், அதையே பிடித்துக்கொண்டு இன்னும் பத்துக் கட்டுரை எழுதுவார். எண்ணிக்கையும் ஏறும். இவர் செய்தது வேறு.

மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து இன்னொரு பெரிய ஆய்வு. இந்த முறை நான்கு குழு. ஒன்றுக்கு எச்பிவி வைரஸ் பரிசோதனை, ஒன்றுக்கு பாப் ஸ்மியர், ஒன்றுக்கு வினிகர் முறை, ஒன்றுக்கு எதுவும் இல்லை. 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது. ஒரே ஒரு தடவை எச்பிவி பரிசோதனை செய்த குழுவில் மரணம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் குழுவில் 34 மரணம், பரிசோதனை இல்லாத குழுவில் 64. வினிகர் முறையிலும் பாப் ஸ்மியரிலும் அப்படி உறுதியாகச் சொல்லும்படியான குறைவு கிடைக்கவில்லை.

அதாவது திண்டுக்கல்லில் ஜெயித்த முறை, உஸ்மானாபாத்தில் ஜெயிக்கவில்லை. இரண்டுக்கும் முதல் பெயர் ஒரே மனிதர்தான். என்னைக் கேட்டால், அவருடைய வெளியீட்டுப் பதிவில் ரொம்ப மதிக்க வேண்டிய இடம் இது. இந்த 2009 கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. 2021-ல் உலக சுகாதார அமைப்பு, வினிகர் முறைக்கும் பாப் ஸ்மியருக்கும் மேலாக எச்பிவி பரிசோதனையை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது.

பாதியில் நின்ற ஊசி

அடுத்தது சினிமா மாதிரி இருக்கும்.

எச்பிவி தடுப்பூசி வந்த புதிதில் மூன்று டோஸ் போட வேண்டும். விலையும் ஜாஸ்தி. இரண்டு டோஸ் போதாதா என்று பார்க்க 2009-ல் இந்தியாவில் ஓர் ஆய்வு தொடங்கியது. 10 முதல் 18 வயது வரை உள்ள 20,000 சிறுமிகள், பாதிப்பேருக்கு இரண்டு டோஸ், பாதிப்பேருக்கு மூன்று என்பது திட்டம். நாடு முழுக்க 9 இடங்கள். அதில் அம்பிளிக்கையும் ஒன்று.

அதே நேரத்தில் ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வதோதரா பகுதிகளில் பாத் என்ற அமெரிக்க அமைப்பு வேறொரு எச்பிவி தடுப்பூசித் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. அதில் ஊசி போட்டுக்கொண்ட ஏழு சிறுமிகள் இறந்துபோன செய்தி வெளியாகி நாடே கொந்தளித்தது. மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றே விசாரணைக் குழு பின்னர் சொன்னது. ஆனால் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிய விதத்தில் கடுமையான குறைகள் இருந்ததும் வெளியே வந்தது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் சாடியது.

இதற்கும் சங்கரநாராயணன் குழுவின் ஆய்வுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் 2010 ஏப்ரலில் எச்பிவி ஊசி ஆய்வுகள் அத்தனையையும் நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அப்போது 17,729 பேருக்கு ஏதாவது ஒரு டோஸாவது போட்டு முடிந்திருந்தது. அதில் 4,950 பேர் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனவர்கள்.

ஆய்வு கெட்டுப்போச்சு என்று மூட்டை கட்டியிருக்கலாம். இவர்கள் அந்தச் சிறுமிகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் வளர்ந்து, கல்யாணமாகி, குழந்தை பெற்ற பிறகும் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். கல்யாணமாகி 18 மாதம் கழித்து, அல்லது முதல் பிரசவம் ஆகி 6 மாதம் கழித்து என்று கணக்கு. நம்ம ஊரில் இந்தப் பேச்சை ஒரு புதுப்பெண்ணின் மாமியார் வீட்டில் போய் எடுப்பது எவ்வளவு சங்கடமான வேலை என்று யோசிச்சுப் பாருங்க.

2016-ல் முதல் முடிவுகள், 2021-ல் பத்தாண்டு முடிவுகள், இரண்டும் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தன. மிக ஆபத்தான 16, 18 வகை வைரஸ் உடலில் நிரந்தரமாகத் தங்குவதைத் தடுக்கும் திறன், ஒரு டோஸுக்கு 95.4 சதவீதம். இரண்டு டோஸுக்கு 93.1. மூன்றுக்கு 93.3. சுருக்கமாகச் சொன்னால், ஒரு ஊசியே மூன்றுக்குச் சமமாக நின்றது. 2021 கட்டுரையின் முதல் பெயர் பார்த்தா பாசு. கொல்கத்தாவிலிருந்து லியோன் முகமைக்குப் போய், அந்தப் பணிகளைத் தொடர்ந்து நடத்துபவர்.

குலுக்கல் முறைப்படி அமையாத ஆய்வு என்ற குறை இதற்கு உண்டு. ஆனால் கென்யாவில் முறையான குலுக்கலோடு நடந்த தனி ஆய்வும் 2022-ல் இதே திசையைக் காட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு, 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸே போதும் என்ற மாற்றுவழியை ஏற்றது. ஒரு லட்சம் டோஸ் வாங்க மட்டுமே காசு உள்ள ஏழை நாடு, முன்பு 33 ஆயிரம் சிறுமிகளைத்தான் காப்பாற்றியிருக்கும். இப்போது ஒரு லட்சம் பேர்!

அந்த 92 பேர்

இந்தக் கதையில் சங்கடமான பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இது பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

திண்டுக்கல்லில் பரிசோதனை கிடைக்காத 57 பகுதிகளில் இறந்த 92 பெண்கள் யார்? உஸ்மானாபாத்தில் பரிசோதனை இல்லாத குழுவில் இறந்த 64 பேர்? கருப்பைவாய் புற்றுநோயைப் பரிசோதனையால் தடுக்கலாம் என்று உலகம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்துகொண்ட பிறகு, ஆயிரக்கணக்கான பெண்களை வெறுமனே கவனித்துக்கொண்டு இருந்தது சரியா? அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய இதே மாதிரியான ஆய்வையும் சேர்த்து மூன்று ஆய்வுகள் மீதும் அவர் விமர்சனம் வைத்தார். பணம் கொடுத்தது கேட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்ட வெளிநாட்டு அமைப்புகள் என்பதால் கேள்வி இன்னும் கூர்மையானது.

ஆராய்ச்சியாளர்கள் தரப்பு வாதம் இது: அன்றைக்கு இந்தியக் கிராமத்தில் பரிசோதனை என்பதே நடைமுறையில் இல்லை, ஆகவே யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. ஒப்பிட்டுக் காட்டாமல் இருந்திருந்தால் எந்த அரசும் காசு போட்டுத் திட்டம் கொண்டுவந்திருக்காது.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘இங்கே எதுவும் இல்லை, அதனால் எதுவும் கொடுக்காமல் இருப்பதும் வழக்கமான சிகிச்சைதான்’ என்ற வாதம் லியோனிலோ நியூயார்க்கிலோ ஒரு பெண்ணிடம் எடுபட்டிருக்குமா என்பது கேட்கவேண்டிய கேள்வி. அந்த 92 பேரில் எத்தனை பேரைப் பரிசோதனை காப்பாற்றியிருக்கும் என்று பெயர் சொல்லிக் காட்ட முடியாது. பரிசோதனை நடந்த பகுதியிலும் 83 பேர் இறந்தார்கள். ஆனால் அந்தக் கட்டுரை மேற்கோள் காட்டப்படும் ஒவ்வொரு தடவையும், அந்தப் பெண்களும் ஒரு எண்ணாக அதற்குள் இருக்கிறார்கள்.

இப்போ நிலைமை என்ன?

உலக சுகாதார அமைப்பின் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பைவாய் புற்றுநோய் வருகிறது. சுமார் 80 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். இத்தனை ஆய்வுக்குப் பிறகும் இதுதான் நிலை.

தமிழகத்தில் 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய் புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. 14 வயது சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி இலவசமாகப் போடப்படும் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் மாநில அரசு அறிவித்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். எல்லா வகை வைரஸுக்கும் ஊசியில் பாதுகாப்பு கிடையாது.

‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று ஃபார்வர்டு வந்தால்?

இது வாரம் ஒன்று வரும். நியூஸ் டெஸ்க்குக்கும் வரும். பெரும்பாலும் ஏதோ மூலிகைச் சாறு, அது புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது என்று இருக்கும். பொய்யாக இருக்கணும்னு இல்லை. ஆனால் அந்தச் செல்கள் யாருடையவை என்று பாருங்கள். பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் வளர்த்தவை. உலகம் முழுக்கப் பயன்படும் ஹீலா செல்கள், 1951-ல் கருப்பைவாய் புற்றுநோயால் இறந்த ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணிடமிருந்து, அவருக்கே தெரியாமல் எடுக்கப்பட்டவை. தட்டில் இருக்கும் செல்லை பினாயில் ஊற்றினாலும் கொல்லலாம். மனுஷ உடம்பில் வேலை செய்யுமா என்பதுதான் விஷயம். அந்த இடத்துக்கு வந்துசேரும் மருந்துகள் ரொம்பக் கொஞ்சம்.

அதனால் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியாளரைப் பற்றிச் செய்தி வந்தால், அவர் பெயரை பப்மெட் தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். எத்தனை கட்டுரை என்று எண்ண வேண்டாம். முதல் நாலைந்து தலைப்புகளைப் பாருங்கள். செல்லிலா, எலியிலா, மனிதர்களிலா? மனிதர்கள் என்றால் எத்தனை பேர், எத்தனை வருஷம்? யாரோடு ஒப்பிட்டார்கள்? கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் அதே பக்கத்தில் சிவப்புப் பட்டையில் எழுதியிருப்பார்கள். ஆங்கிலம் கஷ்டம்னா, வீட்டில் கல்லூரி போகிற பிள்ளைகளைக் கேளுங்க. பத்து நிமிஷ வேலை. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்துவதாக இருந்தால் மட்டும், அந்த ஃபார்வர்டைக் கொண்டுபோய் உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு பண்ணுங்க.